பேதி மாத்திரை ஏன் இப்போது கேட்பதில்லை?



ஆடியில் காவிரியில் புதுத்தண்ணீர் வரும்போதும், கோடையில் குழாயில் தண்ணீர் குறையும்போதும் நம் பகுதி வீடுகளில் வயிற்றுப்போக்கு தலைகாட்டும். பிள்ளைக்கு நாலு தடவை தண்ணீராகப் போனதும் நாம் முதலில் எங்கே ஓடுகிறோம்? பெரும்பாலும் மெடிக்கல் கடைக்குத்தான். "அண்ணே, வயித்தால போகுது, ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்கிறோம். அவரும் அட்டையில் இருந்து ரெண்டு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கிறார். அது என்ன மாத்திரை என்று நாமும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

தென்னூரில் நடக்கும் மாதக் கூட்டத்துக்கு வருகிற ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். "முன்னாடியெல்லாம் ஒரு மாத்திரை போட்டா நின்னுடும். இப்ப மூணு நாள் போட்டாலும் கேக்க மாட்டேங்குது" என்பதுதான் அது. இதற்கு ரெண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பல நேரங்களில் அந்த மாத்திரையே தேவையில்லை. இன்னொன்று, மாத்திரைக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்டன. இந்த ரெண்டையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் இருந்தால் மாத்திரைக் காசு மட்டும் வீணாகாது, உயிருக்கே ஆபத்து வரலாம்.

எல்லாப் பேதிக்கும் ஒரே காரணம் இல்லை

வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் பல வகை. வைரஸ் ஒரு வகை. பாக்டீரியா இன்னொரு வகை. அமீபா போன்றவை வேறு வகை. சின்னப் பிள்ளைகளுக்கு வரும் கடுமையான வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணம் ரோட்டா என்ற வைரஸ்.

ஆன்டிபயாடிக் என்று சொல்லும் மருந்து பாக்டீரியாவை மட்டும்தான் கொல்லும். வைரஸை அது தொடக்கூட முடியாது. பாக்டீரியாவால் வரும் பேதியிலும் பெரும்பாலானவை சில நாட்களில் தானாகவே அடங்கிவிடும். நம் உடம்பே கிருமியை வெளியேற்றிவிடுகிறது. நாம் ரெண்டாம் நாள் மாத்திரை கொடுத்திருப்போம், மூணாம் நாள் பேதி நின்றிருக்கும். உடனே "மாத்திரை போட்டதால் நின்றது" என்று நினைக்கிறோம். இது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

அப்படியென்றால் தேவையில்லாமல் போட்ட மாத்திரை சும்மா போய்விடுமா? போகாது. நம் குடலில் நல்லது செய்யும் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. மாத்திரை அவற்றையும் சேர்த்துக் கொல்கிறது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டதாலேயே சிலருக்கு வயிற்றுப்போக்கு வருவதும் உண்டு.

கிருமி எப்படி மருந்துக்கு அடங்காமல் போகிறது?

கத்தரிக்காய் போட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். காய்ப்புழுவுக்கு முதல் வருஷம் மருந்து அடித்தால் நன்றாகக் கேட்கும். அதே மருந்தை அடித்துக்கொண்டே இருந்தால் சில வருஷங்களில் கேட்காது. ஏன்? மருந்து அடிக்கும்போது நூறு புழுவில் தொண்ணூற்றெட்டு செத்துப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். தாக்குப்பிடித்த ரெண்டு புழு பிழைக்கிறது. அடுத்த தலைமுறை அந்த ரெண்டின் பிள்ளைகள்தான். அவற்றுக்கு அந்த மருந்து உறைக்காது.

குடலில் இருக்கும் பாக்டீரியாவிலும் இதேதான் நடக்கிறது, ஆனால் மிக வேகமாக நடக்கிறது. நல்ல சூடும் உணவும் கிடைத்தால் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாகப் பிரியும். ஒன்று ரெண்டாகும், ரெண்டு நாலாகும், ஒரு மணி நேரத்தில் எட்டு ஆகிவிடும். இதே கணக்கில் போனால் எட்டு மணி நேரத்தில் 1 கோடியே 67 லட்சம். வட்டிக்கு வட்டி எப்படி ஏறும் என்பது நமக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான். மருந்துக்குத் தப்பிய ஒரே ஒரு கிருமி போதும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்துக்குப் பழகிப்போவது நம் உடம்பு அல்ல, கிருமிதான். "எனக்கு அந்த மாத்திரை பழகிடுச்சு" என்று சொல்கிறோமே, அது தவறு. இதுவரை ஆன்டிபயாடிக்கே சாப்பிடாத பச்சைக் குழந்தையையும் மருந்துக்கு அடங்காத கிருமி தாக்க முடியும். அந்தக் குழந்தைக்கும் மருந்து கேட்காது.

கோல நோட்டு மாதிரி கைமாறுகிறது

பக்கத்து வீட்டு அக்காவின் கோல நோட்டை வாங்கி நாம் நகல் எடுத்துக்கொள்வோம். அக்காவிடமும் கோலம் இருக்கும், நம்மிடமும் இருக்கும். பாக்டீரியாக்களும் இப்படிச் செய்கின்றன. மருந்தைச் சமாளிக்கும் குறிப்பு ஒரு பாக்டீரியாவிடம் இருந்தால், அதை நகல் எடுத்துப் பக்கத்தில் இருக்கும் வேறு ஜாதி பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும்.

இதை முதலில் கண்டுபிடித்தது ஜப்பான் நாட்டில். 1950-களில் அங்கே சீதபேதி வந்தவர்களிடம் எடுத்த ஷிகெல்லா கிருமி ஒரே நேரத்தில் நாலு மருந்துகளுக்கு அடங்கவில்லை. ஒரு மருந்தைச் சமாளிக்கலாம், நாலையும் எப்படி ஒன்றாகக் கற்றது என்று விஞ்ஞானிகள் குழம்பினார்கள். நம் குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலை பாக்டீரியாவும் ஷிகெல்லாவும் இந்தக் குறிப்பைக் கைமாற்றிக்கொள்கின்றன என்று 1959-இல் தெரிய வந்தது.

ஆகவே தேவையில்லாமல் போட்ட மாத்திரையால் குடலில் இருக்கும் சாதுவான பாக்டீரியா மருந்துக்குப் பழகுகிறது. நாளைக்கு நோய்க்கிருமி உள்ளே வந்தால், அந்தக் குறிப்பு அதன் கைக்கும் போய்விடும்.

நம் சென்னையில் நடந்தது

இது எங்கோ தூரத்தில் நடக்கும் கதை என்று நினைக்க வேண்டாம். 1992-ஆம் ஆண்டு கடைசியில் சென்னையில் காலரா வந்தது. மதுரை, வேலூர் பகுதிகளிலும் வந்தது. அதுவரை உலகத்தில் பெரிய அளவில் காலராவைப் பரப்பியது ஓ1 என்ற வகை மட்டும்தான். சென்னையில் வந்தது புது வகை. அதற்கு ஓ139 என்று பெயர் வைத்தார்கள். ஏற்கெனவே காலரா வந்து எதிர்ப்புச் சக்தி பெற்ற பெரியவர்களையும் அது விடவில்லை. சில மாதங்களில் கல்கத்தாவுக்குப் போனது. 1993-இல் வங்கதேசத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது.

அந்தக் கிருமிக்கு இன்னொரு குணமும் இருந்தது. அப்போது பரவலாகக் கொடுத்துவந்த கோட்ரிமாக்சசோல் மாத்திரை அதற்குக் கேட்கவில்லை. ஸ்ட்ரெப்டோமைசினும் கேட்கவில்லை. சென்னையில் எடுத்த ஒரு கிருமியை அமெரிக்க விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். அதற்குள்ளே மருந்துகளைச் சமாளிக்கும் குறிப்புகள் ஒரே கட்டாக இருந்தன. ஒரு கிருமியில் இருந்து இன்னொன்றுக்கு அந்தக் கட்டு முழுசாகத் தாவக்கூடியது என்பதை 1996-இல் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுக்கு எஸ்.எக்ஸ்.டி. என்று பெயர்.

அதற்குப் பிறகு பழைய ஓ1 காலராக் கிருமியிடமும் இந்தக் கட்டு வந்து சேர்ந்தது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகளில் இதைப் பார்த்தார்கள். 2010-இல் கடலுக்கு அந்தப் பக்கம் ஹைட்டி தீவில் காலரா வந்தபோது, அந்தக் கிருமியிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த கட்டு இருந்தது. கிருமிக்குப் பாஸ்போர்ட் வேண்டாம்.

ஒவ்வொரு மருந்தாக இழந்த கதை

ரத்தமும் சளியுமாகப் போகும் சீதபேதிக்கு முக்கியக் காரணம் ஷிகெல்லா. சாதாரணப் பேதி மாதிரி இல்லை, இதற்கு ஆன்டிபயாடிக் உண்மையாகவே தேவை. ஆனால் என்ன நடந்தது என்று பாருங்கள்.

முதலில் சல்பா மாத்திரைகள் கேட்டன. பிறகு அவை கேட்காமல் போய் டெட்ராசைக்ளின், ஆம்பிசிலின், கோட்ரிமாக்சசோல் என்று மாற்றினார்கள். 1984-இல் மேற்கு வங்கத்தில் பெரிய அளவில் ரத்தபேதி பரவியபோது இந்தப் பழைய மருந்துகளுக்குக் கிருமி அடங்கவில்லை. நாலிடிக்சிக் அமிலம் என்ற மருந்துதான் கைகொடுத்தது. அந்த 1980-கள் முடிவதற்குள் அதற்கும் அடங்காத கிருமி வந்துவிட்டது. அடுத்து நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வந்தன. 2002-இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரி பக்கத்தில் மறுபடியும் ரத்தபேதி பரவியது. அந்தக் கிருமிக்கு இந்த ரெண்டு மருந்தும் கேட்கவில்லை.

கவனித்தீர்களா? இந்த நார்ஃப்ளாக்சசினும் சிப்ரோஃப்ளாக்சசினும்தான் நம்மில் பலர் "பேதி மாத்திரை" என்று கடையில் கேட்டு வாங்குவது. இன்று ரத்தபேதிக்கு டாக்டர்கள் வேறு மருந்துகளைத் தேட வேண்டியிருக்கிறது. சில நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசி போட வேண்டியிருக்கிறது. பத்து ரூபாயில் முடிய வேண்டியது ஆயிரக்கணக்கில் போகிறது. நம் குழுவில் "ஆஸ்பத்திரி செலவு" என்று அவசரக் கடன் கேட்கும் சகோதரியின் கஷ்டத்துக்குப் பின்னால் இதுவும் இருக்கலாம்.

ஆன்டிபயாடிக் என்பது பொதுச் சேமிப்பு

குழுவின் சேமிப்பை நாம் எப்படிக் காக்கிறோம்? உண்மையான தேவைக்குத்தான் கடன் கொடுக்கிறோம். ஆளாளுக்குத் தேவையில்லாமல் எடுத்தால், உயிர் போகும் அவசரத்தில் வரும் சகோதரிக்குப் பெட்டியில் பணம் இருக்காது.

ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். சிசேரியன் ஆன தாய்க்குப் புண் ஆற, பிறந்த குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி சேர்ந்தால், அப்பாவுக்கு நிமோனியா வந்தால், சர்க்கரை நோயாளிக்குக் காலில் புண் வந்தால் இந்த மருந்துகள்தான் காப்பாற்ற வேண்டும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சாதாரணப் பேதிக்கு நாம் எடுத்துப் போடும் மாத்திரை இந்தப் பொதுப் பெட்டியில் இருந்து எடுப்பதுதான்.

சரி, பேதி வந்தால் என்ன செய்வது?

பேதியில் உயிர் போவது பெரும்பாலும் உடம்பில் இருக்கும் தண்ணீரும் உப்பும் வற்றிப்போவதால்தான். போனதைத் திரும்ப ஊற்றினால் பிழைக்கலாம். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் பாட்டில் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். நோயாளியின் கூட இருந்த சொந்தக்காரர்களே அதை ஊட்டினார்கள். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் நாலு பேருக்கும் குறைவாக ஆனது. அதுதான் இன்று நம் கையில் இருக்கும் ஓ.ஆர்.எஸ்.

1. ஓ.ஆர்.எஸ். கரைசல்: பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர். தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் பலன் கெடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு தடவை போன பிறகும் 2 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குக் கால் டம்ளரில் இருந்து அரை டம்ளர் வரை, அதற்கு மேல் வயதுப் பிள்ளைக்கு அரை டம்ளரில் இருந்து ஒரு டம்ளர் வரை, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி மெதுவாகக் கொடுங்கள்.

2. பாக்கெட் கிடைக்கும் வரை: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடவே கூடாது. உப்புப் போட்ட அரிசிக்கஞ்சி, மோர் கொடுக்கலாம்.

3. ஜிங்க் மாத்திரை: பேதி நின்ற பிறகும் சேர்த்து மொத்தம் 14 நாள் கொடுக்க வேண்டும். 6 மாதத்துக்கு மேல் உள்ள பிள்ளைக்கு தினம் 20 மில்லிகிராம், 2 முதல் 6 மாதக் குழந்தைக்கு 10 மில்லிகிராம். இது ஆன்டிபயாடிக் அல்ல. குடலைத் தேற்றும், அடுத்த பேதி சீக்கிரம் வராமல் தடுக்கும். ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் ரெண்டையும் கிராம சுகாதார செவிலியரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கேட்டு வாங்குங்கள்.

4. சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். "வயித்தைக் காயப் போடு" என்பது தவறு. தாய்ப்பாலை இன்னும் அடிக்கடி கொடுங்கள். குழைந்த சோறு, இட்லி, வாழைப்பழம் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அட்டைப் பெட்டியில் வரும் சில இனிப்பு பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்கப்பட்டன. சர்க்கரை அதிகம் உள்ள பானம் பேதியை இன்னும் கூட்டும். உரிய அளவில் இல்லாத பானங்களுக்கு ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போடக் கூடாது என 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவு போட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்தது என்று எழுதியிருக்கும் பொடிப் பாக்கெட்டையே வாங்குங்கள்.

உடனே டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

• மலத்தில் ரத்தம்
• கஞ்சித்தண்ணீர் மாதிரி நிற்காமல் போவது
• கண் குழி விழுவது, நாக்கு வறள்வது, அழுதால் கண்ணீர் வராமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை
• பிள்ளை துவண்டுபோவது, குடிக்க முடியாமல் இருப்பது
• குடித்ததை எல்லாம் வாந்தி எடுப்பது, கடும் காய்ச்சல்
• ரெண்டு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு எந்தப் பேதியாக இருந்தாலும்

இந்த நேரத்தில் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். போகும் வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள். ரத்தபேதிக்கும் காலராவுக்கும் எந்த ஆன்டிபயாடிக் என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். கொடுத்தால் அவர் சொன்ன அளவு, சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஒரு அடையாளம் இருக்கிறது. அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் இதைப் பற்றிப் பிரசாரமே செய்தது. சில முக்கிய ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டுடன் மட்டுமே விற்று, வாங்கியவர் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் இருக்கிறது.

மீதியான மாத்திரையை அரிசிப் பானையிலும் பர்ஸிலும் பத்திரப்படுத்தாதீர்கள். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள். கோழிக்குக் கழிச்சல் என்று நம் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவதும் வேண்டாம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் கால்நடை டாக்டரைக் கேளுங்கள். மனுஷனுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழித் தீவனத்தில் கலக்க 2019-இல் நம் நாட்டில் தடை போட்டதும் இதே காரணத்தால்தான்.

பேதியே வராமல் இருந்தால்

பேதி குறைந்தால் மாத்திரையும் குறையும், அடங்காத கிருமியும் குறையும். 2025 ஏப்ரலில் திருச்சி உறையூர் பகுதியில் பலருக்கு வாந்தி பேதி ஏற்பட்டது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததுதான் காரணம் என்று மக்கள் புகார் சொன்னார்கள். குழாய் உடைந்து சாக்கடை ஓரம் ஓடும் தெருக்கள் நம் ஊர்களிலும் இருக்கின்றன.

பெண்கள் சேர்ந்தால் இதை மாற்ற முடியும் என்பதற்குத் திருச்சியே சாட்சி. இங்கே குடிசைப் பகுதிகளில் மகளிர் குழுக்களே பொதுக் கழிப்பறைகளை ஏற்று, கட்டணம் வசூலித்து, சுத்தமாக நடத்திக் காட்டின. 2002-இல் கல்மந்தை குடியிருப்பு திறந்தவெளியில் மலம் கழிக்காத பகுதியாக அறிவிக்கப்பட்டது.

வீட்டில் செய்ய வேண்டியது நமக்குத் தெரிந்ததுதான். கழிப்பறை போய் வந்ததும், பிள்ளைக்குக் கால் கழுவி விட்டதும், சமைப்பதற்கும் ஊட்டுவதற்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தையின் மலத்தையும் கழிப்பறையில்தான் போட வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்து மூடி வையுங்கள். ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து 2017-இல் இருந்து தமிழ்நாட்டில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. 6, 10, 14-ஆம் வாரங்களில் தவறாமல் போடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுத

1. ஒவ்வொரு குழுவின் பெட்டியிலும் பத்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும், ஒரு லிட்டர் அளவு பாட்டிலும் எப்போதும் இருக்கும்.
2. உறுப்பினர் எவரும் சீட்டு இல்லாமல் சிவப்புக் கோடு மாத்திரை வாங்குவதில்லை.
3. மாதம் ஒரு முறை மேல்நிலைத் தொட்டி கழுவி, குளோரின் போட்டார்களா என்று ஊராட்சியில் கேட்போம். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது இருக்க வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் தண்ணீர் சோதனைக்குப் பயிற்சி பெற்ற பெண்கள் ஊரில் இருந்தால் அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவோம்.
4. ஒரே தெருவில் ஒரே நேரத்தில் மூணு நாலு வீட்டில் பேதி வந்தால் அன்றைக்கே கிராம சுகாதார செவிலியருக்குச் சொல்வோம். சந்தேகத்துக்கு 104-ல் கேட்போம்.

எழுதப் படிக்கத் தெரிந்த சகோதரி இதைக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். ஓ.ஆர்.எஸ். கரைத்துக் காட்டி, ஆளுக்கு ஒரு வாய் ருசி பார்க்கச் செய்யுங்கள். சரியாகக் கரைத்தால் கண்ணீரை விட உப்புக் கரிக்காது. ருசி பழகிவிட்டால் ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளைக்குப் போகும்போது கை தானாகவே பாக்கெட்டைத் தேடும், மெடிக்கல் கடை எப்போது திறக்கும் என்று காத்திருக்காது.